நிலத்தடிப் பார்க்கிங்கில் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், முதலில் யாரிடம் போவது?

புதுக்குடித்தனம்:
வணக்கம். இன்று காலை வேலைக்குக் கிளம்பி நிலத்தடிப் பார்க்கிங்குக்கு இறங்கினால், காரின் வலது பின்கண்ணாடி உடைந்து, மகளின் இருக்கை முழுவதும் கற்கண்டைக் கொட்டியதுபோல் துண்டுகள் கிடந்தன. ஓட்டுநர் பக்கம் முன்கதவிலிருந்து பின்கதவு வரை சாவியால் இழுத்த கீறல் ஒன்றும் இருக்கிறது. உள்ளே இருந்த பையைக் காணவில்லை. போலீசுக்குப் போன் செய்தால், இணையத்தில் புகாரைப் பதியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது. நாளை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போயாக வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

வடலி:
தம்பி, காருக்குள் கண்ணில் படும்படி ஒரு குடையைக்கூட வைக்கக் கூடாது என்பதை வந்த முதல் வாரமே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் தொண்ணூறுகளில் வந்தபோது காருக்கு எங்கே போவது? இரவு வேலை முடிந்து, மார்க்கம் வீதியில் உறைபனிக்குள் பேருந்துக்குக் காத்து நின்றுதான் இந்தக் கனடாவைப் பழகினோம். இப்போது வருகிறவர்கள் விமானத்தால் இறங்கிய கையோடு கார் வாங்கிவிடுகிறார்கள். அது போகட்டும். காப்புறுதிக்காரனிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள், திறந்தால் அடுத்த வருடம் பிரீமியம் ஏறிவிடும். தெரிந்த கராஜில் காசைக் கொடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலுவலைப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வடலி அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் ஒன்ராறியோ மாகாணத்தில் யாரோ உடைத்ததும் கீறியதும் காம்ப்ரிஹென்சிவ் பிரிவில் வரும். ஓட்டியவர் தவறாக அது கணக்கிடப்படுவதில்லை, எனவே விபத்து கிளைம்போடு இதைச் சேர்த்துப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பிரிவு கட்டாயமானதல்ல, பணம் கட்டி எடுத்திருந்தால்தான் உண்டு. கேட்டவர் எந்த நகரம், அந்தப் பிரிவு இருக்கிறதா, டிடக்டிபிள் (கிளைமில் நம் கையிலிருந்து போக வேண்டிய பங்கு) எவ்வளவு, பையில் என்ன இருந்தது என்று எதையுமே எழுதவில்லையே.

பனிக்காலம்:
இன்சூரன்சை விடுங்கள், கட்டட நிர்வாகம்தான் பணம் கொடுக்க வேண்டும். மாதாமாதம் பார்க்கிங்குக்குத் தனியாக வாங்குகிறார்கள் அல்லவா? எங்கள் கட்டடத்தில் கராஜ் கதவு பழுதாகிப் பல வாரம் திறந்தே கிடந்தது, கேட்டால் பாகம் வரவில்லை என்ற ஒரே பதில்தான். என்னைக் கேட்டால் காரே வேண்டாம், டிடிசி பேருந்திலோ ரயிலிலோ போங்கள்.

வடலி:
டொரோண்டோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருந்துகொண்டு டிடிசியில் போ என்று சொல்வது எளிது. 2023 ஜூலையில் ஆர்டி ரயில் தடம் புரண்டு நின்றதோடு எங்கள் பக்கம் பேருந்துதான் என்றாகிவிட்டது. அஞ்சல் குறியீடு ஸ்காபரோவின் எம்1 என்று தொடங்கினால் காப்புறுதிக் கட்டணமும் கூட. பிராம்ப்டனில் இருக்கும் என் மைத்துனர் அதற்கும் மேலே கட்டுகிறார். கார் திருட்டு அவ்வளவு மலிந்துவிட்டது. கேட்பார் யார்?

புதுக்குடித்தனம்:
விவரம் கொடுக்காததற்கு மன்னிக்கவும். ஸ்காபரோவில் வாடகை அடுக்ககம். பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் இருக்கிறது, டிடக்டிபிள் 1000 டாலர். பையில் அலுவலக மடிக்கணினி, பிஆர் கார்டு (நிரந்தரவாசி அட்டை), சின் எண் (சமூகக் காப்புறுதி எண்) கடிதம், வீட்டின் மாற்றுச் சாவி ஆகியவை இருந்தன. டாஷ்போர்டுப் பெட்டியும் திறந்து கிடக்கிறது. காரின் பதிவுத் தாளான ஓனர்ஷிப் தாளும் இல்லை.

கிளைம் மேசை:
காப்பீட்டுத் தரகு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலே எல்லோரும் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணாடி நாளைக்கும் காத்திருக்கும், சாவி காத்திருக்காது. ஓனர்ஷிப் தாளில் உங்கள் முகவரி இருக்கிறது, வீட்டுச் சாவியும் அதே ஆள் கையில் இருக்கிறது. இந்த நிமிடமே கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரின்டென்டன்ட்டைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றச் சொல்லுங்கள். இங்கே வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் தாமாகப் பூட்டை மாற்றக் கூடாது, அதனால் அவர்களையே வரவழையுங்கள். அவரிடமே நேற்றிரவுக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி மின்னஞ்சலிலும் கேளுங்கள். உங்களிடம் காட்ட மறுக்கலாம், போலீஸ் கேட்டால் கொடுப்பார்கள். நிர்வாகத்திடம் பணம் வாங்க வேண்டுமானால் அவர்களுடைய அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும், அதைப் பிறகு யோசிக்கலாம்.

அடுத்து அலுவலகம். தொலைவிலிருந்தே கணினியைப் பூட்ட வழி இருக்கலாம் என்பதால் உடனே சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் பெருக்கும் முன் படம் எடுங்கள். நான்கு பக்கமும், கீறல் கிட்டத்திலும், நம்பர் பிளேட் தெரியும்படியும் வேண்டும். பிளேட் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். செய்தவர் யாரென்று தெரியாத இத்தகைய திருட்டை டொரோண்டோ போலீஸ் இணையத்தில்தான் பதியச் சொல்வார்கள், உங்களைத் தட்டிக்கழித்ததாக எண்ண வேண்டாம். முடியவில்லையென்றால் 416-808-2222. திருடன் கண்ணெதிரே இருந்தால்தான் 911. இதைப் படிக்கும் மார்க்கம் நகரத்தார் யார்க் போலீசையும் ஏஜாக்ஸ்காரர்கள் டர்ஹம் போலீசையும் நாட வேண்டும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்சூரன்சுக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கண்ணாடி மட்டுமாக இருந்தால் வடலி ஐயா சொன்னபடி கைக்காசில் முடிப்பதுதான் லாபம், ஏனெனில் அந்தச் செலவு பெரும்பாலும் 1000 டாலரைத் தொடாது. இங்கே இரண்டு கதவுக்குப் பெயின்ட் வேலையும் சேர்கிறது. முதலில் ஒரு பாடி ஷாப்பில் மதிப்பீடு வாங்கி, அது ஆயிரத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். நிறுவனம் சொல்லும் கடைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பையில் இருந்த உங்கள் சொந்தப் பொருள்களுக்குக் கார் பாலிசி பணம் தராது, வாடகைக்கு இருப்பவருக்கான டெனன்ட் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதில் கேளுங்கள். அதற்கு டிடக்டிபிள் தனி.

பிஆர் கார்டு தொலைந்தால் நிரந்தரவாச உரிமைக்குப் பங்கம் வராது. குடிவரவுத் துறையான ஐஆர்சிசியில் உறுதிமொழிப் படிவத்தோடு புதிதாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 டாலர். கார்டு வரும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். சின் எண்ணை இதற்காக மாற்றித் தரமாட்டார்கள், கடன் பதிவு நிறுவனங்களான ஈக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போட்டுவையுங்கள். ஓனர்ஷிப் தாளுக்கு மாகாண அரசின் சர்வீஸ் ஒன்ராறியோ அலுவலகம்.

புதுக்குடித்தனம்:
மிக்க நன்றி அக்கா. பூட்டு மாற்ற மாலை ஆறு மணிக்கு வருகிறார்கள். அலுவலகத்தில் கணினியை முடக்கிவிட்டார்கள். காரை நாளை ஓட்டலாமா?

கிளைம் மேசை:
பார்க்கிங்குக்கே வந்து கண்ணாடி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், இன்றே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தெளிவான பிளாஸ்டிக் தாளைக் கதவுச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு உள்வீதிகளில் மட்டும் ஓட்டுங்கள். 401 நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம். டேப்பைப் பெயின்ட் மேல் வெகுநேரம் விடாதீர்கள். மகளின் இருக்கையைக் கழற்றி வெளியே எடுத்து, உறையை உதறி, வார் நுழையும் இடுக்குகளிலும் பக்கிள் குழியிலும் வேக்குவம் விட்டு, விளக்கடித்துப் பாருங்கள். ஒரு துண்டு மினுங்கினாலும் நாளை அவளைப் பேருந்திலேயே கூட்டிப் போங்கள்.