லித்தியம் ரீடிங் 670.8 நானோமீட்டர் கோட்டில் நகரவே மாட்டேங்குது – லிப்ஸ் தெரிஞ்சவங்க உதவுங்க

மணலி க்யூசி:
வணக்கம். மணலி பக்கம் ஒரு சின்ன பேட்டரி பைலட் லைன்ல தரச் சோதனை பாக்குறேன். அலுமினிய ஃபாயில் மேல என்எம்சி 811 (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் 8:1:1 விகிதத்துல இருக்குற லித்தியம் ஆக்சைடு) கோட்டிங். ஓவன்ல காஞ்சு வெளிய வந்த ரோலை, 1064 நானோமீட்டர் லேசர் வெச்ச லிப்ஸ் மெஷின்ல பாக்குறோம் (லேசரால சுட்டு, கிளம்புற பிளாஸ்மாவோட ஒளியை வெச்சு எந்தத் தனிமம் எவ்வளவுன்னு சொல்ற மெஷின்). ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி அலைநீளக் கோடு, லித்தியத்துக்கு நாங்க பாக்குறது 670.8 நானோமீட்டர். ரெண்டு தலைவலி. ஐசிபி (மாதிரியை அமிலத்துல கரைச்சு அளக்குற முறை) லேப் ரிப்போர்ட்ல லித்தியம் வித்தியாசமா இருக்குற ரோல்கள், இங்க ஒரே மாதிரி காட்டுது. அடுத்தது, மதியம் கடக்காத்து ஏறினா முதல் ஷாட்ல லித்தியம் எகிறுது, 589 நானோமீட்டர்ல சோடியமும் எட்டிப் பாக்குது. சர்வீஸ்காரர் லென்ஸைத் துடைங்கன்னார். துடைச்சாச்சு, அப்படியேதான் இருக்கு.

பட்டறை பாஸ்கர்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ? எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ் கதிரால தனிமத்தை அளக்குற கைக்கருவி) வெச்சு ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது.

ஒளிக்கோடு:
நிக்கல், கோபால்ட், மாங்கனீஸுக்கு அது சரி. லித்தியத்தோட எக்ஸ் கதிர் ரொம்ப பலவீனம், காத்தைத் தாண்டி டிடெக்டருக்கு வந்தே சேராது. அதனாலதான் லேசர்.

மணலி தம்பி, 670.8 பீக்கை நல்லா பெருசாக்கிப் பாருங்க. உச்சி தட்டையா, இல்ல நடுவுல குழியா இருக்கா?

மணலி க்யூசி:
ஆமா அண்ணா, நடுவுல லேசா குழி. ஸ்பெக்ட்ரோமீட்டர் கோளாறுன்னு நெனச்சேன்.

ஒளிக்கோடு:
கோளாறு இல்ல, சுய உறிஞ்சல். பிளாஸ்மாவோட நடுவுல கொதிக்கிற லித்தியம் விடுற ஒளியை, வெளி ஓரத்துல ஆறிப்போன லித்தியம் அணுவே முழுங்கிடுது. 670.8 அணுவோட அடிநிலையில, அதாவது ஆற்றல் ரொம்பக் கம்மியான நிலையில, வந்து முடியுற கோடு. ஓரத்துல இருக்குற அணுவெல்லாம் பெரும்பாலும் அந்த அடிநிலையிலதான் கிடக்கும். துளியூண்டு லித்தியத்தைத் தேட இந்தக் கோடு பிரமாதம். என்எம்சி 811-ல எடையில சுமார் 7 சதவீதம் லித்தியம். அவ்வளவு இருந்தா கூடக் குறைய ஆனாலும் பீக் அசையாது. 610.4-க்கு மாறுங்க. அது கிளர்ந்த நிலையில முடியுற கோடு, முழுங்க ஆள் கம்மி. நிக்கல் பீக்கோட விகிதமா எடுத்தா ஷாட்டுக்கு ஷாட் ஆட்டமும் அடங்கும்.

எர்ணாவூர்க்காரன்:
அண்ணன் சொல்றது சரி, ஆனா நம்ம ஏரியாவுல 610.4-லயும் ஒரு வம்பு இருக்கு. 610.3-ல கால்சியம் கோடு ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது, சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டரால பிரிக்க முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல்ல கால்சியம் உண்டு. எங்க வீட்டு மொட்டை மாடித் துணியைக் கேட்டா அதுவே சொல்லும்! 393.4-ல கால்சியம் தெரியுதான்னு முதல்ல பாருங்க.

டிரைரூம் தேவி:
மதியக் கதையும் மேல்பரப்புதான். நிக்கல் அதிகமான பொருள் ஈரக்காத்துல நின்னா, மேல லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் படியும். முதல் ஷாட் அந்தப் படலத்தைத்தான் அளக்குது. சோடியம் கடல் உப்பு. ஒரே இடத்துல முதல் சில ஷாட்டைக் கணக்குல சேர்க்காம விடுங்க, சாம்பலும் அதோட போயிடும். 396.2-ல அலுமினியம் ஏற ஆரம்பிச்சா ஃபாயிலைத் தொட்டாச்சுன்னு அர்த்தம், நிறுத்திடுங்க.

பிளாஸ்மா ஆறாம இருக்க ஆர்கான் வாயு ஊதுறதா இருந்தா கேலிப்ரேஷனை (ரீடிங்கை நிஜ அளவோட பொருத்துற கணக்கு) புதுசா போடணும். 812.6 லித்தியம் கோட்டை அப்போ நம்பாதீங்க, ஆர்கானே 811.5-ல பெருசா நிக்கும்.

அப்புறம், அந்தப் புகையில நிக்கல், கோபால்ட் தூள் இருக்கு. உறிஞ்சு குழாய் ஓடாம சுடாதீங்க. 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி, லேசர் பாதுகாப்புக் கண்ணாடி கழட்டுறவங்களை லைனுக்குள்ளயே விடாதீங்க.

மணலி க்யூசி:
393.4-ல கால்சியம் இருந்துச்சு அக்கா. முதல் ஷாட்களை விட்டதும் காணோம். அதுக்கப்புறம் 610.4-க்கும் நிக்கலுக்கும் விகிதம் எடுத்தா, ரோல்கள் ஐசிபி சொன்ன வரிசையிலேயே பிரியுது! ஆனா இது நிறுத்தி வெச்ச துண்டு. முதலாளி ஓடுற லைன்லயே வேணுங்கிறார், நிமிஷத்துக்கு 20 மீட்டர். ஒரே இடத்துல ரெண்டாவது ஷாட் எப்படி விழும்?

ஒளிக்கோடு:
விழாது. லேசர் நொடிக்கு 20 தடவை சுட்டாலும், ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல ஃபாயில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் ஓடிடும்.

டிரைரூம் தேவி:
அதனால மெஷினோட இடத்தை மாத்துங்க. ரோல் சுத்தி வெளிய நின்ன பிறகு அளக்காம, ஓவன் வாய்க்குப் பக்கத்துலயே, மூடின பெட்டிக்குள்ள ஹெட்டை (லேசர் சுடுற முனை) வைங்க. படலம் படியவே நேரம் இருக்காது. ஐசிபி பார்த்த உங்க சொந்த ரோல் துண்டுகளையே ஸ்டாண்டர்டா வெச்சுக்கோங்க. வேற ஃபார்முலா, வேற பைண்டர் (தூளை ஒட்ட வைக்கிற பசை) அளவுன்னா அந்தக் கேலிப்ரேஷன் செல்லாது.

மணலி க்யூசி:
ஓவன் வாய்கிட்ட சூடு அதிகம் அக்கா, ஹெட் தாங்குமா?

எர்ணாவூர்க்காரன்:
ஹெட்டைத் தள்ளி வெச்சு நீள ஃபோகஸ் லென்ஸ் போடுங்க. ஃபாயில் மேல கீழ ஆடாம இருக்க, உருளைமேல படிஞ்சு வர்ற இடமாப் பாத்து சுடுங்க.