ரிமைண்டர் அடித்தும் கைவிட்டுப் போன அசைன்மென்ட்டுகள்: உங்கள் அனுபவம்?

கடைசிபெஞ்ச்:
இரவு 8 மணிக்கு வைத்த ரிமைண்டர் 9:40க்கு, போனைக் கையில் எடுத்த நொடியில், இன்னும் மூன்றைக் கூட்டிக்கொண்டு டிங் டிங் என்று விழுமே, அதுதான். அசைன்மென்ட்டைச் சமர்ப்பிக்கும் கல்லூரிப் போர்ட்டல் 9 மணிக்கே மூடியாச்சு. ஆப்பைத் திட்டிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் (Doze) என்று பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. சார்ஜர் செருகாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை மொத்தமாகத் தள்ளிப்போடும். சொன்ன நேரத்துக்கு அடிக்க ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி வேறு. 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான ஆப்களுக்கு அது கிடைக்காத நிலையிலேயே தொடங்கும். அனுமதி கொடுக்கும் இடம்: செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ். கையோடு அந்த ஆப்பின் பேட்டரியையும் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கிவிடுங்கள்.

நள்ளிரவுக்கணக்கு:
மணி சரியாக அடித்தும் போனது பற்றி யாரும் பேசுவதில்லை. போர்ட்டலில் ‘15, 12:00 ஏஎம்’. அதை 15ஆம் தேதி இரவு என்று படித்து, அன்று 11 மணிக்குத் திறந்தால், 23 மணி நேரத் தாமதம் என்று சிவப்பில் நிற்கும். 12:00 ஏஎம் என்றால் 15 பிறக்கும் நொடி. காலண்டரில் 14, 11:59 பிஎம் என்று போடுங்கள், குழப்பமே வராது.

மூன்றேவேலை:
இரண்டு பேரும் மணியைப் பற்றியே பேசுகிறீர்கள். கெடு நேரத்தில் அடிக்கும் மணி எதற்கு? அது சாவு மணி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கெடுவைக் காலண்டரில் வையுங்கள், செய்ய வேண்டியதை டாஸ்க் ஆப்பில் வையுங்கள். ‘வரலாறு கட்டுரை’ என்பது டாஸ்க் அல்ல, தலைப்பு. ‘இரண்டாம் அத்தியாயம் படித்து 5 குறிப்பு, 40 நிமிடம்’ என்பதுதான் டாஸ்க். 1500 சொல் கட்டுரைக்கு இப்படி ஆறேழு துண்டு விழும். கடைசித் துண்டு கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் முடிகிற மாதிரி பின்னாலிருந்து தேதி போட்டு வாருங்கள்.

முன்னுரிமை என்று எல்லாவற்றுக்கும் சிவப்புக் கொடி குத்தினால் கொடிக்கு மதிப்பில்லை. ஒரு நாளைக்கு மூன்று போதும். மதிப்பெண் அதிகம், கெடு தூரம் என்று இருப்பதில் தினம் ஒரு துண்டு அந்த மூன்றுக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சில்லறை வேலைகளே அதைத் தின்றுவிடும். திருப்புதலை டோடோயிஸ்ட் என்ற டாஸ்க் ஆப்பில் வைப்பவர்கள் ‘எவ்ரி’ என்ற சொல்லோடு ஒட்டி ஆச்சரியக்குறி போடுங்கள். அப்போதுதான் அடுத்த தேதி, முடித்த நாளிலிருந்து எண்ணப்படும். போடாவிட்டால் பழைய அட்டவணைப்படியே வந்து நிற்கும்.

கடைசிபெஞ்ச்:
@மூன்றேவேலை, நீங்கள் சொல்லும் 40 நிமிடத் துண்டுக்கும் மணி அடிக்க வேண்டுமே ஐயா. அந்த அனுமதி இல்லாமல் உங்கள் ஆறு துண்டும் ராத்திரி ஒன்றாகத்தான் வரும்.

அமைதிப்பயன்:
ஐபோனில் இது வேறு மாதிரி. படிக்க உட்காரும்போது அறிவிப்புகளை அடக்கப் போடும் ஃபோகஸே ரிமைண்டரையும் விழுங்கிவிடும். ஃபோகஸ் செட்டிங்ஸில் ‘டைம் சென்சிட்டிவ்’ அறிவிப்புகளை அனுமதித்தோ, டாஸ்க் ஆப்பை அனுமதித்த ஆப்களின் பட்டியலில் சேர்த்தோ பாருங்கள். இன்னொன்று, போர்ட்டல் காலண்டரை லிங்க் கொடுத்து கூகுள் காலண்டரில் சேர்த்திருந்தால், ஆசிரியர் தேதி மாற்றியது அங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். முந்தின நாள் மாலை போர்ட்டலையே ஒருமுறை திறந்துவிடுங்கள்.