மாமா வாங்கிட்டு வந்த ஒரிஜினல் டிவிடி, ஆனா வீட்ல பார்க்க முடியல. இந்த லாக் எல்லாம் எங்க போய் நிக்கும்?

அல்சூர்_பையன்:
பெங்களூருல இருக்கோம். மாமா சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வர்றப்பல்லாம் வாங்கிட்டு வந்த தமிழ்ப் பட டிவிடி நூத்துச்சொச்சம் இருக்கு, எல்லாம் ஒரிஜினல். பழைய பிளேயர் போயிடுச்சுன்னு எஸ்பி ரோடுல யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கினேன். எந்த நாட்டுல ஓடணும்னு டிவிடில 'ரீஜன்'னு ஒரு நம்பர் பூட்டு இருக்கு, டிரைவையும் அதே நம்பருக்கு மாத்தினாதான் ஓடும். மாமாவோட டிஸ்க் ரீஜன் 3, இங்க வாங்கின டிஸ்க் ரீஜன் 5, மாத்தி மாத்திப் போட்டதுல இப்ப இன்னும் ஒரு தடவைதான் மாத்தலாம்னு காட்டுது. மொத்தமே 5 தடவைதானாம், அப்புறம் டிரைவ் அந்த ரீஜன்லயே நின்னுடும். அப்பா வேட்டி நுனியால டிஸ்கைத் துடைச்சுக் குடுத்துட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கார், அவர்கிட்ட என்னன்னு சொல்றது? ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வைக்கலாமா, தப்பா? இனிமே இது இன்னும் மோசமாகுமா?

கேஆர்புரம்_குமார்:
டிவிடில இருக்கிற பூட்டு வெறும் 40 பிட் சாவி, 1999லயே உடைச்சாச்சு. அதை உடைச்ச கேஸ்ல மாட்டின நார்வே பையனை 2003ல கோர்ட்டு விடுதலை பண்ணுச்சு, அவன் வாங்கின டிஸ்கை அவன் பார்க்கறது குத்தமில்லன்னு. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூரே டிஸ்கோட சாவியும் 2007ல நெட்ல வந்துடுச்சு. ஆனா காசு குடுத்தவன் கதைதான் பாவம். 4கே ப்ளூரேயை கம்ப்யூட்டர்ல முறையா ஓட்ட இன்டெல் சிப்ல எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு வசதி வேணும், அதை 11வது ஜெனரேஷன்ல இருந்து தூக்கிட்டாங்க. டிஸ்க் இருக்கு, டிரைவ் இருக்கு, புது கம்ப்யூட்டர் வாங்கினா படம் ஓடாது. எனக்கு இதை நினைச்சாலே வயிறு எரியுது.

மல்லேஸ்வரம்_மீனா:
சட்டம் பத்தி: 2012 திருத்தத்துல காப்பிரைட் சட்டத்துல 65ஏ பிரிவு வந்துச்சு. உரிமையை மீறணும்ங்கிற எண்ணத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. சட்டம் தடை பண்ணாத காரியத்துக்காக உடைச்சா அந்தப் பிரிவு பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு. காப்பி போட்டு வித்தாலோ ஊருக்கே குடுத்தாலோ தப்பு, அப்பா வீட்ல பார்க்கறது வேற விஷயம். அங்க இங்க ஏத்தி மட்டும் விடாதீங்க.

ராஜாஜிநகர்_ரவி:
அட, டிஸ்க் இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க. நான் ஒரு ஆப்ல காசு கட்டி 'வாங்கின' படம் போன வருஷம் லிஸ்ட்லயே இல்ல, கேட்டா உரிமம் முடிஞ்சுடுச்சாம். அமெரிக்காவுல அல்ட்ராவயலட்னு ஒண்ணு, வாங்கின படத்தை எல்லாம் ஒரே இடத்துல வச்சுக்கலாம்னு ஆரம்பிச்சது, 2019ல மூடிட்டாங்க. கலிஃபோர்னியாவுல 2025ல இருந்து, வெறும் உரிமம்தான்னு தெளிவா சொல்லாம 'வாங்கு'ன்னு போட்டு விக்கக்கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு, நமக்கும் அது வேணும். இனிமே பூட்டு டிஸ்க்ல இருக்காது, சர்வர்லயும் சிப்லயும் இருக்கும், சாவி எப்பவும் அவங்க கையில. அதனால இருக்கிற டிஸ்கை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க.

அப்பாவுக்கு இப்போதைக்கு இன்னொரு டிரைவ் வாங்குங்க. ஒண்ணை 3லயே விடுங்க, ஒண்ணை 5லயே விடுங்க, ரீஜன் மாத்துற பக்கமே போகாதீங்க.

அல்சூர்_பையன்:
இது எனக்குத் தோணவே இல்லண்ணே, ரொம்ப நன்றி. இந்த டிரைவ் இப்ப 3ல இருக்கு, அப்படியே விட்டுட்டேன். மாமா டிஸ்க் ஓடுது, அப்பா பார்த்துட்டிருக்கார். நாளைக்கு எஸ்பி ரோடு போய் இன்னொண்ணு வாங்கி, மேல 5ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறேன்.