தருமபுரிப் பூங்காவில் மன்றோவுக்குச் சிலை: வேண்டுமா?

தகடூரான்:
சென்னைத் தீவுத்திடல் பக்கம் போனவர்கள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கல மன்றோவைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் பிரிட்டிஷ் கவர்னர். 1792இல் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு மாறியதும், கேப்டன் ரீடுக்கு உதவியாக வந்து 1799 வரை இந்தச் சீமையில்தான் வேலை பார்த்தார். தருமபுரியில் ஆசையாகத் தோட்டம் போட்டிருந்தார். நம் ஊர்ப் பூங்காவில் அவருக்கு மார்பளவு வெண்கலச் சிலையாவது வைக்கலாமே?

பாலக்கோட்டான்:
வரி வசூலிக்க வந்தவருக்குச் சிலையா, நல்லா இருக்குங்க! ஊர் ஊராக நிலத்தை அளந்தது குடியானவன்மேல் பாசத்திலா? எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கத்தான். தொழுநோயோடு ரயிலில் ஏறவும் தடை வாங்கி, நடந்தே ஊர்களுக்குப் போய்ப் பேசிய சுப்பிரமணிய சிவா 1925இல் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார். வெண்கலம் கையில் இருந்தால் அவருக்கு வார்க்கச் சொல்லுங்கள்.

தகடூரான்:
சிவாவுக்குப் பாப்பாரப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. யார் வேண்டாம் என்றது? ஜமீன்தார் நடுவில் இல்லாமல், உழுகிறவன் பெயரிலேயே பட்டா என்கிற ரயத்துவாரி முறை வளர்ந்தது இங்கேதான். பிறகு அவர் வேலை பார்த்த ஆந்திராவின் ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேரே வைத்தார்கள். பயந்துகொண்டா வைத்தார்கள்?

பாலக்கோட்டான்:
பட்டா கொடுத்தார், சரி. அதே ராயலசீமையில் நிலவரியான தீர்வையைக் கால் பங்கு குறைக்கச் சொல்லி 1807இல் மேலிடத்துக்கு எழுதியதும் அவரேதான். அப்படியானால் அதுவரை வாங்கியது அதிகம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, இல்லையா?

கிருஷ்ணகிரிக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னைச் சிலையில் சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) கிடையாது. சிற்பி மறந்துவிட்டு அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள். 1839இல் சிலை நின்றது, அதை வடித்த சிற்பி சாண்ட்ரி 1841 வரை உயிரோடு இருந்தார். என் கவலை வேறு. வெண்கலம் வெளியில் நின்றால் பச்சைக் களிம்பு ஏறும். அந்தப் படலம்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். நம் ஆட்கள் விடுவார்களா? விழாவுக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்ப்பார்கள் (நம் இரண்டு மாவட்டத்திலும் புளிக்கா பஞ்சம்?), இல்லாவிட்டால் தங்கக் கலர் பெயின்ட். சுற்றிலும் கம்பிக் கூண்டு. மூக்கு எது, கன்னம் எது என்று தெரியாத அளவுக்குப் பெயின்ட் தடித்த சிலைகளை எத்தனை ஊரில் பார்த்தாயிற்று! பேசாமல் நம் கருங்கல்லில் ஒரு கல்வெட்டு வையுங்கள் அண்ணா. பெயின்ட் அடிக்க யாருக்கும் கை வராது.

தகடூரான்:
கல்வெட்டுக்கு நான் தயார். பாலக்கோட்டாருக்குச் சம்மதமா?

பாலக்கோட்டான்:
கல்லில் அவர் வசூலித்த தீர்வையையும் சேர்த்து வெட்டினால் சம்மதம்.

தகடூரான்:
குறைக்கச் சொல்லி எழுதினாரே, அதையும் பக்கத்திலேயே வெட்டலாம்தானே?

பாலக்கோட்டான்:
வெட்டுங்கள். தீர்வை மேலே, கடிதம் கீழே.