மாலை வகுப்புப் பட்டியல்களைச் சேர்த்தால் பிள்ளைகள் மாறிப்போகிறார்கள் – அவசர உதவி தேவை

கண்ணகிநகர்_தன்னார்வலர்:
வணக்கம். எங்கள் பகுதியில் மூன்று அமைப்புகள் பள்ளி விட்டபின் மாலை வகுப்பு நடத்துகிறோம். யார் எங்கே வருகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று பார்க்க மூன்று வருகைப் பட்டியலையும் ஒன்றாக்கினோம். ஒரு பிள்ளையின் வருகை இன்னொரு பிள்ளை பேரில் வருகிறது. சிலரைக் காணவே இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டம். சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்வி_கணக்கு:
எக்ஸெலா, கூகுள் ஷீட்டா? எதை வைத்துப் பொருத்தினீர்கள், பெயரா எண்ணா?

யூனிகோட்_ராஜா:
எழுத்துருதான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஓர் அமைப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கும், இன்னொன்று இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடில். யூனிகோடிலேயே 'கோ'வின் குறியை ஒன்றாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்தும் அடிக்கலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், எக்ஸெலுக்கு வேறு வேறு. கோமதி இரண்டு பேராகிவிடுவாள்.

மதுரை_டீச்சர்:
இனிஷியலையும் பாருங்கள். ஓரிடத்தில் 'சு. கார்த்திக்', இன்னோரிடத்தில் 'கார்த்திக் எஸ்'.

தரவுமூர்த்தி:
எக்ஸெலைத் தரவுத்தளமாக நினைத்தால் இப்படித்தான் ஆகும். இதே கேள்வி இங்கே மாதாமாதம் வருகிறது. பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம், என்றால் என்ன என்று படித்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மதுரை_டீச்சர்:
மூர்த்தி சார், அவர் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். இருக்கிற கருவியில் வழி சொல்லுங்கள்.

கண்ணகிநகர்_தன்னார்வலர்:
எக்ஸெல்தான். பெயர் இல்லை, எமிஸ் எண் (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) வைத்து விலுக்கப் (பட்டியலில் தேடிப் பொருத்தும் எக்ஸெல் சூத்திரம்) போட்டோம். இரண்டு அமைப்புகள் சிஎஸ்வி (வெறும் உரையாக உள்ள பட்டியல் கோப்பு) தந்தன, ஒன்று எக்ஸெல் கோப்பு.

செல்வி_கணக்கு:
எண் எத்தனை இலக்கம்? பலருக்கும் கடைசியில் 0 இருக்கிறதா?

கண்ணகிநகர்_தன்னார்வலர்:
எங்கள் பட்டியலில் 16. ஆமாம், நிறைய 0!

செல்வி_கணக்கு:
அப்படியானால் அதுதான். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், 16வது 0 ஆகிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே எண். விலுக்கப் முதலில் கிடைப்பவரின் வருகையை அத்தனை பேருக்கும் கொடுக்கும். எக்ஸெல் கோப்பில் எண்கள் உரையாக இருந்தால் அவை முழுசாக இருக்கும், மற்றவற்றோடு பொருந்தாது. காணாமல் போனவர்கள் அவர்கள்தான். இப்போதுள்ள கோப்பைத் திருத்திப் பயனில்லை, போன இலக்கம் வராது. மூல சிஎஸ்வியை மறுபடி வாங்குங்கள். அதை நேரடியாகத் திறக்காமல் டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக எடுத்து, எண் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிய பிறகே ஷீட்டில் இறக்குங்கள்.

யூனிகோட்_ராஜா:
பெயர்களையும் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது என்றுதான் இன்னமும் சொல்வேன்.

சட்டம்_படிப்பவள்:
மூன்று அமைப்புகள் பிள்ளைகளின் எமிஸ் எண்ணைப் பகிர்கிறீர்களே, பெற்றோரிடம் கேட்டீர்களா? 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

விழுப்புரம்_அக்கா:
சட்டம் சரிதான். ஆனால் பகிராமல் இருந்தால் பிள்ளைதான் கைநழுவிப் போவாள். 2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதிலிருந்து மாலை 5 முதல் 7 வரை வகுப்பு எடுத்தேன். பள்ளிக்குப் போகிறாள், மாலையில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பியையும் கூட்டிவரச் சொன்னால் வருவாள். இரண்டுக்கும் வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வருகையையும் பக்கத்தில் வைத்தால்தான் இது தெரியும்.

சட்டம்_படிப்பவள்:
அதை மறுக்கவில்லை அக்கா. அதற்கு எண்ணும் வருகையும் போதும். ஆதார், சாதி, அம்மாவின் கைபேசி எண் எல்லாம் பொதுக் கோப்பில் எதற்கு?

தரவுமூர்த்தி:
சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடுத்து, வாசித்தும் காட்டுங்கள். வெறும் கையெழுத்து சம்மதம் ஆகாது.

விழுப்புரம்_அக்கா:
வீடு வீடாகப் போய்ச் சொன்னால் பெற்றோர் மறுப்பதில்லை. யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

கண்ணகிநகர்_தன்னார்வலர்:
எண்தான் பிரச்சினை, சரியாகிவிட்டது. நன்றி செல்வி. ஆதார் பத்தியை எடுத்துவிட்டோம். சம்மதம் பற்றி வெள்ளிக்கிழமை பேசுகிறோம்.