ஜனவரியிலயே டஃபடில்: சந்தோஷப்படலாமோ?

தோட்டக்காரி:
இந்த விண்டரில லண்டனில உறைபனியே பெரிசா இல்லை. ஜனவரி இன்னும் முடியேல்லை, வசந்தத்தில பூக்கிற டஃபடில் பார்க்கில மஞ்சளாப் பூத்து நிக்குது, ஹேசல் மரத்தில பூச்சரம் தொங்குது. எல்லாரும் வடிவெண்டு படம் போடுறியள். எனக்கெண்டால் பயமாக் கிடக்கு.

நெடுந்தீவான்:
தங்கச்சி, ஹேசல் எப்பவும் ஜனவரி, பெப்ரவரியில பூக்கிற மரம். ஸ்னோட்ராப் எண்ட வெள்ளைப் பூவும் அப்பிடித்தான். டஃபடிலிலயும் ஜனவரியில பூக்கிற வகை இருக்கு. ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். 2018 மார்ச்சில கொட்டின ஸ்னோவை மறந்திட்டியளே?

தோட்டக்காரி:
ஒரு வருஷத்தை வச்சு நான் கதைக்கேல்லை அண்ணா. நோர்ஃபோக்கில ரொபர்ட் மார்ஷம் எண்டவர் 1736இலயே பூவும் இலையும் வாற திகதியைக் குறிக்கத் தொடங்கிட்டார். அவற்ற சந்ததி 1958 வரைக்கும் விடாமல் எழுதினது. இப்பிடியான பழைய பதிவுகள் நாலு லட்சத்துக்கு மேல சேர்த்து, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2022இல கணக்குப் பார்த்தவை. 1986 வரைக்கும் இருந்ததோட ஒப்பிட்டால், அதுக்குப் பிறகு முதற்பூ சராசரியாக் கிட்டத்தட்ட ஒரு மாசம் முந்திட்டுது.

நெடுந்தீவான்:
முந்தட்டுமே. குளிர் குறைஞ்சால் சனத்துக்கும் நல்லம், தேனீக்கும் வேளைக்கே சாப்பாடு. இயற்கை தன்னை மாத்திக்கொள்ளும். ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் வைதம் காட்டில கிரேட் டிட் குருவி 1960களில இருந்ததை விட ரெண்டு கிழமை முந்தி முட்டையிடுது. குஞ்சுக்குக் குடுக்கிற ஓக் மரத்துப் புழு முந்தி வருகுது, குருவியும் கூடவே முந்திட்டுது.

கென்ட்வாசி:
நான் ஆப்பிள் தோட்டத்தில வேலை. முந்திப் பூக்கிறதை விட, பூத்தாப் பிறகு வாற உறைபனிதான் எங்களைக் கொல்லுறது. விரிஞ்ச பூவுக்குப் பூச்சியத்துக்குக் கீழ ரெண்டு பாகை போனாலே சேதம் தொடங்கிடும். 2021இல பிரான்ஸில மார்ச் கடைசி வெயிலுக்கு மொட்டெல்லாம் விரிஞ்சுது, ஏப்ரல் முதல் கிழமைகளில உறைபனி. இரவிரவாத் தோட்டத்துக்குள்ள மெழுகு கொளுத்தி வச்சும் திராட்சையும் அப்ரிகொட்டும் கருகினது. இன்னொண்டு, ஆப்பிளுக்கு விண்டர் குளிர் வேணும். அது காணாட்டி மொட்டு ஒழுங்கா விரியாது.

தோட்டக்காரி:
அண்ணா, டிட் இங்கயே இருக்கிற குருவி, சூட்டை உணர்ந்து மாறும். பைட் ஃப்ளைகேச்சர் எண்ட குருவி மேற்கு ஆபிரிக்காவில இருந்து வாறது. இங்க வசந்தம் முந்தினது அங்க இருக்கிறதுக்கு எப்பிடித் தெரியும்? வந்து சேர, குஞ்சுக்குக் குடுக்கிற புழுக்காலம் முடிஞ்சிடுது. நெதர்லாந்தில சில காடுகளில இந்தக் குருவி 90 வீதமளவு குறைஞ்சு போச்சு.

நெடுந்தீவான்:
வலசைப் பறவையின்ர கதை வேற, அது சரி. ஆனால் அதுக்கு ஜனவரி டஃபடிலைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ. ஓக் எப்ப இலை விடுது எண்டு பாத்துக் குறியுங்கோ. காடுகளைக் காக்கிற வுட்லாண்ட் ட்ரஸ்ட் அமைப்பின்ர 'நேச்சர்ஸ் கலண்டர்' எண்ட பதிவேடு இருக்கு, ஆரும் பதியலாம். நானும் பதியிறன்.