நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க ஒரு நாள்: உதவி தேவை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கனடாவிலிருந்து அக்கா குடும்பம் தை மாதம் யாழ்ப்பாணம் வருகிறது. மருமகளுக்கு 13 வயது, அங்கே குதிரைச் சவாரி பழகுகிறாள். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவின் குதிரைகள் சவாரிக்குப் பழக்கியவை அல்ல, தன்பாட்டில் திரிபவை என்று சொல்லிவிட்டேன். “பரவாயில்லை மாமா, பார்த்தால் போதும்” என்கிறாள்.

நான் கடைசியாகப் போனது ஓர் ஆவணி வெயிலில். புல் கருகிக் கிடந்தது. வற்றிய கேணியின் சேற்றை ஒரு குட்டி நக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தை என்றால் மாரி மழைக்குப் பிறகு புல்லும் தண்ணீரும் இருக்கும்தானே?

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுக்குக் காலைப் படகு இப்போது எத்தனை மணிக்கு? ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். அம்மாவும் வருகிறா, முழங்கால் வருத்தம். ஏறி இறங்கக் கைகொடுக்க ஆள் இருக்குமா?

அப்புறம், குதிரைகள் எந்தப் பக்கம் மேயும் என்று தெரிந்த ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் தேவை. படத்துக்காக அவற்றைத் துரத்துபவர் வேண்டாம். தூரத்தில் நிறுத்திவிட்டு, நாங்கள் பேசாமல் நின்று பார்க்க விடுபவராக இருக்கவேண்டும். நாள் வாடகை எவ்வளவு கேட்பார்கள்? நேரம் மிஞ்சினால் அடி பருத்த பெருக்குமரத்தையும் (பாவோபாப்) பவளக்கல் வேலிகளையும் பார்ப்போம். கடைசிப் படகு நேரமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.